படம் போச்சு, பாட்டு இருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். திரையைப் பார்க்காமல், வசனத்தையும் பாட்டையும் காதால் கேட்டே முழுப் படத்தையும் மனதில் ஓட்டிக்கொள்வோம். அமெரிக்காவில் ஒரு படத்துக்கு அதுவே நிரந்தர கதியாகிவிட்டது. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அதைக் கேட்கலாம். பார்க்க நினைத்தால் மிஞ்சியிருப்பது இரண்டு ரீல் அளவுதான்.

படத்தின் பெயர் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'. வார்னர் பிரதர்ஸ் தயாரித்து, ராய் டெல் ரூத் இயக்கி, 1929இல் வெளிவந்தது. ஏவரி ஹாப்வுட் 1919இல் எழுதிய மேடை நாடகம்தான் மூலக்கதை. நாடகக் கம்பெனியில் ஆடும் பெண்கள், அவர்களில் ஒருத்தியைக் காதலிக்கும் பணக்கார வீட்டுப் பையன், 'அந்தப் பெண்கள் பணத்துக்குத்தான் பழகுவார்கள்' என்று கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கும் மாமா. கதை அவ்வளவுதான், நமக்குப் புதிதல்ல. ஆனால் முழுக்கப் பேசி, முழுக்க வண்ணத்தில் வந்த இரண்டாவது முழுநீளப் படம் இது. முதலாவது, அதே நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட 'ஆன் வித் தி ஷோ'.

அன்றைய டெக்னிகலரில் இரண்டே நிறங்கள், சிவப்பும் பச்சையும். அவை இரண்டையும் கலந்துதான் மற்றதெல்லாம். உண்மையான நீலம் அதில் பிடிபடாது. இருந்தாலும் கறுப்பு வெள்ளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பெரிய விருந்து. ஏறக்குறைய 5 லட்சம் டாலரில் எடுத்த படம், உலகம் முழுவதும் 40 லட்சம் டாலரை ஒட்டி வசூலித்தது. ஜோ பர்க் இசையமைத்து ஆல் டூபின் எழுதிய 'டிப்டோ த்ரூ தி டியூலிப்ஸ்' பாட்டை, கிட்டாரோடு நிக் லூகாஸ் பாடினார். ஊரே பாடியது. 1968இல் டைனி டிம் என்பவர் கீச்சுக் குரலில் அதைத் திரும்பப் பாடி இன்னொரு தலைமுறையிடம் சேர்த்தார். இன்று பலருக்கும் அந்தக் குரல்தான் தெரியும். எனக்கு என்னவோ லூகாஸ்தான் பிடிக்கிறது, அலட்டல் இல்லாத குரல்.

சரி, ஒலி தப்பி, படம் மட்டும் எப்படிப் போனது? காரணம், இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை.

வார்னர் அப்போது பயன்படுத்தியது வைட்டாஃபோன் முறை. ஒலி ஃபிலிமில் இருக்காது, தனியாக இசைத்தட்டில் இருக்கும். 16 அங்குல அகலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். ஊசி வெளி ஓரத்தில் தொடங்காது. நடுவில் போட்டிருக்கும் அம்புக்குறியில் தொடங்கி வெளியே நகரும். ஆபரேட்டர் பாடு திண்டாட்டம்தான். ஃபிலிமின் தொடக்கக் குறியையும் தட்டின் அம்புக்குறியையும் பொருத்தி வைத்துத்தான் மோட்டாரை ஓட விட வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசி. தட்டு எத்தனை முறை ஓடியது என்று அதன் லேபிளிலேயே குறிக்க வேண்டும், சுமார் 20 முறை ஓடினால் ஒதுக்கிவிட வேண்டும். ஃபிலிம் அறுந்து நான்கு கட்டம் போனால், அதே நான்கு கட்ட நீளத்துக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கதாநாயகி வாயசைக்க, மாமாவின் குரல் வரும். ஊசி ஒரு பள்ளம் தாண்டினாலும் அதே கூத்து.

இந்தத் தொல்லை வேண்டாமென்று சில ஆண்டுகளிலேயே வார்னரும் மற்றவர்களைப் போல ஒலியை ஃபிலிமிலேயே பதிக்கத் தொடங்கியது. தட்டு முறையைக் காலாவதியான சமாச்சாரம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் அந்தக் கேலிக்குரிய தட்டுதான் இந்தப் படத்தின் ஒலியைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட். சீக்கிரம் தீப்பிடிக்கும். பிடிக்காவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். ஒலியும் அதே ஃபிலிமில் இருந்திருந்தால் அதோடு சேர்ந்து பொடியாகியிருக்கும். தட்டு விழுந்தால்தான் உடையும், தானாக மக்காது.

போதாக்குறைக்கு, 1930 முடிவதற்குள் ஜனங்களுக்குப் பாட்டுப் படம் சலித்துவிட்டது. எடுத்து வைத்த படங்களிலிருந்தே பாட்டுகளை வெட்டி எறிந்தார்கள். அப்புறம் அதே கதையை வைத்து 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' வந்து சக்கைப்போடு போட்டது. புதுசு கையில் இருக்கும்போது பழசைப் பத்திரப்படுத்த யாருக்குத் தோன்றும்? 'ஆன் வித் தி ஷோ' முழுப்படமாகக் கறுப்பு வெள்ளைப் பிரதியிலாவது பிழைத்தது. இதற்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

பல பத்தாண்டுகள் கழித்து, 'டியூலிப்ஸ்' பாட்டு வரும் ரீலும் கடைசி ரீலும் கிடைத்தன. இரண்டும் வண்ணத்தில். கடைசி ரீலில் முடிவை ஒட்டிய ஒரு சிறு பகுதி மட்டும் இல்லை. 1991இல் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சிலர் 'வைட்டாஃபோன் புராஜெக்ட்' என்று தொடங்கி, இப்படிப் பிரிந்து கிடக்கும் தட்டுகளையும் படச்சுருள்களையும் தேடி ஜோடி சேர்த்து வருகிறார்கள். எத்தனையோ குறும்படங்கள் அவர்களால் திரும்பப் பேசுகின்றன.

எனக்கு உள்ள குறை வினி லைட்னர் விஷயத்தில். மேபல் என்ற துடுக்குக்காரியாக வந்து, நாயகி நான்சி வெல்ஃபோர்டை ஓரங்கட்டியவர் அவர். கதைக்குள் அவர்கள் போடும் நாடகத்தில் மேபலுக்குக் கூடுதலாகக் கிடைப்பதே ஒரு வசனம். படம் முழுக்க அதை மனப்பாடம் செய்து, மேடை ஏறியதும் பாதியில் மறந்து நிற்பாள். வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார் என்று அன்றைய விமர்சனங்கள் புகழ்ந்த நகைச்சுவை நடிகை. குரல் இருக்கிறது, அந்த முழியும் கையசைப்பும் பெரும்பாலும் போய்விட்டன. பாட்டுக் காட்சி போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

கிடைத்த காட்சிகளை, 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் 80ஆம் ஆண்டு டிவிடியில் கூடுதல் பகுதியாக 2007இல் வார்னரே வெளியிட்டது. 2025 ஜனவரியோடு அமெரிக்காவில் இந்தப் படத்தின் காப்புரிமையும் முடிந்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், எடுத்துப் போட மீதிப் படம்தான் இல்லை. தேடிப் பார்ப்பவர்கள் முதலில் கடைசி ரீலைப் பாருங்கள். நூற்றாண்டு ஆகப்போகும் அந்தச் சிவப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. வணக்கம்.