அடுத்த வாரம் யார் வருவது?

அவையில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"மரம் நடுங்கள்" என்று சொல்ல ஒருவர் வந்திருக்கிறார் என்று நினைத்து நீங்கள் உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்ற குறை எங்குமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று அறிவித்தால் போதும். பிள்ளைகுட்டிகளோடு, தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கூட்டமாக வந்துவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் வாளியோடு நிற்பது இரண்டு பேர். அடுத்த கோடையில் அந்த இரண்டு பேரில் ஒருவர் வீடு மாறிப் போயிருப்பார். ஆர்வம் இல்லாமல் கெட்ட தோட்டங்களைவிட, முதல் நாள் ஆர்வத்தை நம்பி அகலக்கால் வைத்துக் கெட்ட தோட்டங்கள்தான் அதிகம். எனவே நான் கேட்க வந்தது ஒரே கேள்வி: திரும்பத் திரும்ப வரக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களால் காப்பாற்றக்கூடிய நிலம் எவ்வளவு?

துருக்கியில் 2019-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி, காலை 11 மணி 11 நிமிடத்துக்கு, நாடு முழுக்க 1 கோடியே 10 லட்சம் கன்றுகளை நடும் இயக்கம் நடந்தது. சோரும் என்ற இடத்தில் ஒரே மணி நேரத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் நட்டு உலக சாதனையும் படைத்தார்கள். சில மாதங்களில் அங்கே உள்ள வனத் தொழிலாளர் சங்கம் ஒன்று, தாங்கள் பார்வையிட்ட இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போய்விட்டன என்று சொன்னது. அரசு அதை அடியோடு மறுத்தது. யார் கணக்கு சரி என்று நான் இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை. எனக்கு உறுத்துவது அந்தத் தேதி. எல்லா ஊருக்கும் ஒரே நாள், ஒரே நிமிடம். மழை அப்படி வருவதில்லையே.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை கென்யாவில் நடந்தது. 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி நைரோபியில் ஒரு பூங்காவில் தோழர்களோடு ஏழு மரக்கன்றுகளை நட்டார். அவற்றில் பிழைத்தவை இரண்டுதான். பசுமைப் பட்டை இயக்கம் என்ற அவருடைய மரம் நடும் இயக்கம் தொடங்கியது அந்த ஏழில் இரண்டிலிருந்து. அப்புறம் அவர்கள் செய்த ஏற்பாடுதான் முக்கியம். நாற்று வளர்த்து நடும் கிராமத்துப் பெண்களுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. இந்த வேலைக்குப் பட்டயம் படித்த வனவியலாளர்கள் வேண்டாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பானையிலும் தகர டப்பாவிலும் விதை போட்டு முளைக்க வைத்த அந்தப் பெண்களை "பட்டயம் இல்லாத வனவியலாளர்கள்" என்று மாத்தாய் பெருமையோடு குறிப்பிட்டார். 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, இயக்கம் நட்ட மரங்களின் கணக்கு மூன்று கோடியைத் தொட்டிருந்தது. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் வளர்ப்போம். நட்டதை எண்ணினால் நடுவோம். பிழைத்ததை எண்ணினால் தண்ணீர் ஊற்றுவோம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவர்கள் சிட்னியில் வாழ்ந்த இரண்டு சகோதரிகள், ஜோன் பிராட்லியும் ஐலீன் பிராட்லியும். 1960-களில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இயற்கைக் காட்டுப் பகுதியில் நடக்கப் போவது அவர்கள் வழக்கம். வெளிநாட்டுக் களைகள் அந்தக் காட்டைத் தின்றுகொண்டிருந்தன. களை மண்டிய இடத்தை ஆள் வைத்து மொத்தமாக வெட்டிச் சுத்தம் செய்தால், சில மாதங்களில் அதே களை முன்பைவிட அடர்த்தியாக வந்து நின்றது. காரணம் எளிமையானது. கிளறிய மண், நேரடி வெயில் இரண்டும் களை விதைக்குக் கொண்டாட்டம். காட்டுச் செடிகள் நிதானமாக முளைப்பவை. அவை தலையெடுப்பதற்குள் களை இடம்பிடித்துவிடும்.

சகோதரிகள் வேலையைத் தலைகீழாக்கினார்கள். களை மண்டிய இடத்தைத் தொடவில்லை. காடு நன்றாக இருக்கும் இடத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் களையை மட்டும் கையால் எடுத்தார்கள். அங்கிருந்து மெல்ல மெல்லக் கெட்ட இடத்தை நோக்கி நகர்ந்தார்கள். மண்ணை முடிந்தவரை கிளறாமல், ஒதுக்கிய சருகைத் திரும்ப அதே இடத்தில் பரப்பிவிட்டார்கள். மூன்றாவது விதி, எனக்கு மிகவும் பிடித்தது: எடுத்த இடத்தைக் காடு தானே நிரப்பிய பிறகுதான் அடுத்த அடி. வேகத்தைத் தீர்மானிப்பது நாம் அல்ல, அந்தச் செடிகள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: "நன்றாக இருக்கிற இடத்தில் போய் வேலை செய்வானேன்? அசிங்கமாக இருக்கிற இடம் அப்படியே கிடக்கிறதே!" நியாயமான கேள்விதான். நாலு பேர் கண்ணில் படுவது கெட்ட இடம். அதைச் சுத்தம் செய்தால் முன்னே பின்னே என்று இரண்டு படம் எடுத்துப் போடலாம். பிராட்லி முறையில் ஒரு காலை முழுக்க வேலை செய்து நிமிர்ந்து பார்த்தால், ஆள் வந்துபோன தடமே தெரியாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையால் சருகை விலக்கி, வலது கையால் விரல் நீளக் களை நாற்றை அடியோடு பிடித்து, வேர் அறாமல் மெதுவாக இழுத்து, மண்ணை அழுத்திவிட்டு, சருகை மூடிவிட்டு அரை அடி நகர்வது, இவ்வளவுதான் வேலை. ஆனால் நான்கைந்து பேர் மட்டுமே வருகிற ஒரு குழுவால் பிடித்துவைக்க முடிவது இந்த மாதிரி இடத்தைத்தான். களை மண்டிய ஓர் ஏக்கரை வெட்டிவிட்டு, திரும்ப வர ஆள் இல்லாமல் போனால், நாம் களைக்கு உழுது கொடுத்தவர்கள் ஆகிறோம்.

சரி, நடத்தான் போகிறோம் என்றால் அதையாவது உருப்படியாகச் செய்வோம். பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பல சமயம் அதன் வேரைச் சுற்றிக் கறுப்புப் பாலித்தீன் பை அப்படியே இருக்கும். அவசரத்தில் பையோடு புதைத்திருப்பார்கள். அல்லது பையை அடியில் மட்டும் கிழித்திருப்பார்கள். பையை எடுத்த கன்றுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. நாற்றங்காலில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர், பையின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்துவிடாமல், தேவையான இடத்தில் கத்தியால் கீறிவிடாமல் நட்டால், மரம் பெரிதான பிறகும் வேர் அந்த வட்டத்திலேயே சுற்றும். ஒரு பெருங்காற்றில் சாய்ந்த பிறகுதான் காரணம் வெளியே தெரியும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். கழுத்து வரை புதைக்கக்கூடாது. மூடாக்கு போடுகிறவர்கள் சருகை மரத்தடியில் கோபுரமாகக் குவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு, பட்டை அழுகிவிடும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு, வளையமாகப் பரப்ப வேண்டும். அப்புறம் தண்ணீர். தினமும் ஒரு குவளை தெளிப்பது மேல்மண்ணை நனைத்து, வேரை மேலேயே நிறுத்திவைக்கும். சில நாளுக்கு ஒருமுறை, மெதுவாக, ஆழமாக இறங்கும்படி ஊற்றுவதே மேல். வறண்ட இடங்களில் இது இரண்டு மூன்று ஆண்டு வேலை. நட்ட நாளின் படத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதுவரை இருப்பார்கள்?

காய்கறித் தோட்டம் போடும் குழுக்களுக்குச் சொல்ல வேண்டியது மண்ணைப் பற்றி. நகரத்துக் காலிமனையின் பூர்வீகம் நமக்குத் தெரியாது. பழைய பெயின்ட், பெட்ரோல் புகை, பட்டறைக் கழிவு எதுவும் அங்கே இருந்திருக்கலாம். ஈயம் கலந்த மண்ணில் பிள்ளைகளை விளையாட விடுவதும், கீரை போடுவதும் ஆபத்து. பரிசோதனைக்கு மண் அனுப்பிவிட்டுப் பிறகு பாத்தி வெட்டுங்கள். சந்தேகம் இருந்தால் நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி கட்டுங்கள்.

எருவிலும் ஒரு கண் வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைத் தாண்டி, எருவிலும் செத்துப்போகாமல் இருக்கும். தக்காளி, அவரை இலைகளைச் சுருட்டிவிடும். புது எரு வந்தால் இரண்டு தொட்டியில் மண்ணோடு கலந்து அவரை விதை போட்டு, சில வாரம் பொறுத்துப் பாருங்கள். இலை நேராக விரிந்தால் தோட்டத்தில் இறக்கலாம். மட்குக் குவியலில் பச்சைக் கழிவு கூடினால் அம்மோனியா நெடி அடிக்கும், காய்ந்த சருகு கூடினால் அசையாமல் கிடக்கும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் சருகு சேருங்கள். குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடு நின்றால், பெரும்பாலான களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். ஓரத்தில் இருப்பதற்கு அந்தச் சூடு கிடைக்காது. அதனால்தான் புரட்டிவிடச் சொல்கிறோம். மட்கைக் கொட்டும்போது தூசியை மூக்கில் வாங்காதீர்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பயமுறுத்தவில்லை.

கடற்கரை, ஓடை சுத்தம் செய்யும் குழுக்களிலிருந்தும் பலர் வந்திருக்கிறீர்கள். குப்பையைப் பொறுக்குவது பாதி வேலை, எழுதிவைப்பது மீதி. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய சுத்திகரிப்பு இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அது பெயர் பெற்றதற்குக் காரணம், எடுத்ததை வகைவாரியாக எண்ணி அட்டையில் குறித்தது. பல்லாண்டுகளாக அந்தப் பட்டியலில் முதலிடம் சிகரெட் துண்டுக்கு. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் முதல்முறையாகத் தின்பண்ட உறைகள் அதை முந்தின. நூறு மூட்டை குப்பை அள்ளினோம் என்று ஓர் அதிகாரியிடம் சொன்னால் கை குலுக்கி அனுப்பிவிடுவார். இன்ன உறை, இத்தனை, இந்த வடிகால் வழியாக வருகிறது என்று தாளை நீட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று: ஓடையில் கிடப்பதெல்லாம் குப்பை அல்ல. விழுந்த மரக்கிளை மீன் குஞ்சுக்கு மறைவிடம், பூச்சிக்குச் சாப்பாடு. சுத்தம் என்ற பெயரில் அதையும் இழுத்துப் போட்டு எரிக்கிற உற்சாகிகள் உண்டு. கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது சுவையில்லாத விஷயத்துக்கு வருகிறேன்: நிலம் யாருடையது? 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் நியூயார்க்கில் பவரி, ஹூஸ்டன் தெருக்களின் முனையில் குப்பைமேடாகக் கிடந்த மனையைத் துப்புரவாக்கித் தோட்டம் போட்டார்கள். அடுத்த ஆண்டே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகர நிர்வாகத்திடம் எழுதி வாங்கினார்கள். அந்தத் தோட்டம் அவர் பெயரில் இன்னும் இருக்கிறது. அதே நகரில் 1999-இல் நூறுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. போராட்டங்களுக்குப் பின், கடைசி நேரத்தில் அறக்கட்டளைகள் விலை கொடுத்து வாங்கியதால்தான் பிழைத்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் சுமார் 350 குடும்பங்கள் பயிரிட்ட 14 ஏக்கர் தோட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2006-இல் வெளியேற்றினார்கள், அப்புறம் புல்டோசர் வந்தது. பாத்தியில் பத்து ஆண்டு உழைத்தவருக்குக் காகிதத்தில் ஒரு வரி இல்லையென்றால் அவர் விருந்தாளிதான். உங்கள் குழுவில் எழுத்து வேலையில் பொறுமை உள்ள ஒருவர் இருந்தால், அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வீணாக்காதீர்கள்.

ஆட்களைப் பற்றி. பொதுச் சொத்தை மக்கள் தாங்களே எப்படிக் காக்கிறார்கள் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர். அவர் கண்டதில் தோட்டத்துக்கு நேராகப் பொருந்துவது இரண்டு. விதியை அதற்குக் கட்டுப்படப் போகிறவர்களே வகுக்க வேண்டும். மீறியவருக்கு முதல் தடவை லேசான கண்டிப்பு, பிறகுதான் கடுமை. யாரோ தக்காளியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார் என்று முதல் நாளே பூட்டும் முள்வேலியும் போட்ட தோட்டங்களில், கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய அபாயம், எல்லாம் தெரிந்த ஒருவர். குழாய்ச் சாவி அவரிடம், விதை எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும், அவர் இல்லாமல் ஒரு வாளி நகராது. அருமையான மனிதர்தான். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் தோட்டமே படுத்துவிடும். சாவிக்கு மூன்று நகல் போடுங்கள். தண்ணீர் முறையைச் சுவரில் எழுதி மாட்டுங்கள். புதிதாக வருபவரிடம் "என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்று சொன்னால், அவர் அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டுப் போய்விடுவார். "இந்தப் பாத்தியில் இந்தக் களை, இந்த மூலை வரை" என்று காட்டிவிட்டால் அடுத்த வாரமும் வருவார். குனிய முடியாதவருக்கு விதை பிரிக்கிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை இருக்கிறது. பதினொரு மணிக்கு முடிப்போம் என்றால் பதினொரு மணிக்கு முடியுங்கள். பாதி வேலை நின்றாலும் பரவாயில்லை.

வாசலில் மேசைமேல் ஒரு தாள் வைத்திருக்கிறோம். பெயர், தொடர்பு எண், அப்புறம் மூன்றாவதாக ஒரு கட்டம்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. முதல் இரண்டை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடிந்தவர்கள் மட்டும் எழுதினால் போதும், மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்றாலும் சரி. அதில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை பாத்தி என்று முடிவு செய்யப் போகிறோம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.