கழித்துப் போட்ட அட்டைகள்

(ஒன்பதாம், பத்தாம் தர மாணவர்களின் பெற்றோருக்காகக் கொழும்பு, வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் தொழில் வழிகாட்டல் குறித்து ஓர் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் வணக்கம்.

கடந்த தவணையில் ஒன்பதாம் தர வகுப்பொன்றில் நான் நடத்திய சிறு பயிற்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நாற்பது தொழில்களின் பெயர்களை நாற்பது அட்டைகளில் எழுதி, குழுக்களாக அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கட்டாகக் கொடுத்து, வேண்டவே வேண்டாம் என்று தோன்றுபவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிடச் சொன்னேன். பாடவேளை முழுவதும் போதாது என்றுதான் எண்ணியிருந்தேன். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, வங்கி முகாமையாளர் என ஒரு கைப்பிடி அட்டைகளே மேசையில் மிஞ்சின. தாதி, மொழிபெயர்ப்பாளர், நில அளவையாளர், குளிரூட்டி திருத்துபவர், லிஃப்ட் திருத்துபவர் எல்லாம் ஒதுக்கிய குவியலில் கிடந்தன.

அந்தக் குவியலில் உள்ள வேலைகளைச் செய்கிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தொடர்மாடியில் குடியிருக்கும் ஒரு பையன் எழுந்து, "எங்கட ஃபிளாட்டில லிஃப்ட் நிண்டா ஒரு அண்ணன் வருவார் மிஸ்" என்றான். வந்து என்ன செய்வார் என்று கேட்டேன். "மொட்டை மாடிக்கு ஏறிப் போவார். அங்க என்ன செய்யிறாரெண்டு தெரியாது." தெரியாத ஒன்றை ஏன் ஒதுக்கினாய் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைதான் மெல்லிய குரலில் சொன்னாள்: "அது படிக்காத ஆக்கள் செய்யிற வேலை, மிஸ்."

தொழில் வழிகாட்டல் என்றவுடன், பதினாறு வயதில் ஒரு பிள்ளை எதைத் தெரிவு செய்வது என்பதையே நாம் பேசத் தொடங்குகிறோம். தெரிவு தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கழிப்பு நடந்து முடிந்துவிடுகிறது என்பதே நான் இன்று சொல்ல வந்தது. இதை ஒரு கோட்பாடாக 1981இல் எடுத்துரைத்தவர் லிண்டா கொட்ஃபிரட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர். ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வயதுக்குள் 'இது ஆண்களின் வேலை, இது பெண்களின் வேலை' என்று பிள்ளைகள் ஒரு கோடு கீறிக்கொள்கிறார்கள் என்றும், ஒன்பதுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் 'இது மதிப்பான வேலை, இது மதிப்பில்லாத வேலை' என்று இன்னொரு கோடு கீறிக்கொள்கிறார்கள் என்றும், தன் விருப்பம் என்ன, திறமை என்ன என்று உள்ளே திரும்பிப் பார்க்கும் பழக்கம் பதினான்கு வயதளவில்தான் வருகிறது என்றும் அவர் விளக்கினார். ஆக, பிள்ளை தன்னை அறியத் தொடங்கும் வேளையில் மேசையில் இருப்பவை ஏற்கெனவே மிஞ்சிய அட்டைகள் மட்டுமே. ஒதுக்கியவற்றை யாரும் மீண்டும் எடுத்துக் காட்டாவிட்டால் பிள்ளை தானாக அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவருடைய கூற்றின் முக்கியமான பகுதி. என் அனுபவமும் அதுவே.

இத்துறையின் தொடக்கம் இதைவிட எளிமையானது. 1908இல் பொஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடி அலைந்த இளைஞர்களுக்காக ஒரு தொழில் ஆலோசனை நிலையத்தைத் திறந்தார். அதே ஆண்டில் அவர் காலமாகிவிட, அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. உன்னை அறிந்துகொள், தொழிலை அறிந்துகொள், இரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார் என்பதே அவர் வகுத்த வழி. நூறு ஆண்டு கடந்தும் நம் பாடசாலைகளில் கொடுக்கப்படும் வினாக்கொத்துகள் அந்த வழியில்தான் செல்கின்றன. 1959இல் ஜோன் ஹொலண்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த ஆறு ஆளுமை வகைகளும் அந்தப் பொருத்தத்தை இன்னும் நுட்பமாகச் செய்வதற்கான கருவியே. கருவியில் பிழையில்லை. ஆனால் கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளை அந்தக் கட்டத்தில் அடையாளமிட்டால் அம்மா ஏசுவா என்று அஞ்சி வேறு கட்டத்தில் அடையாளமிடும் வகுப்பறையில், வினாக்கொத்து அளப்பது பிள்ளையின் ஆர்வத்தையா, வீட்டின் ஆர்வத்தையா?

டொனால்ட் சூப்பர் என்னும் இன்னோர் அமெரிக்க உளவியலாளர் 1950களில் இந்தப் பொருத்தும் முறைக்கு வயதையும் காலத்தையும் சேர்த்தார். அவருடைய கணக்கில் பதினைந்து முதல் இருபத்து நான்கு வயது வரை தேடலின் பருவம்: முயன்று பார்ப்பதும், பிழைப்பதும், திரும்பி வருவதும் அந்த வயதின் இயல்பு. நம் நாட்டு முறையோ, சாதாரண தரப் பெறுபேறு வந்த சில வாரங்களுக்குள், உயர்தரத்தில் படிக்கப்போவது பௌதிக விஞ்ஞானமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா, 2013இல் வந்து சேர்ந்த தொழில்நுட்பமா என்று இறுதி விடை கேட்கிறது. தேடல் தொடங்கும் வயதில் கதவு சாத்தப்படுகிறது. அதன் பிறகு இசட் புள்ளி (பாடங்களை ஒப்பிடச் சீராக்கிய உயர்தரப் புள்ளி), மாவட்ட வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்குமான குறைந்தபட்சப் புள்ளி) என்று தொடரும் ஓட்டத்தில், பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பான்மையோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை என்பதை இங்குள்ள எல்லோரும் அறிவீர்கள்.

இவ்வளவையும் பெற்றோரின் பேராசை என்று சொல்லிவிடுவது எளிது, நான் சொல்லமாட்டேன். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்ற பழமொழியைப் பிறப்பித்த சமூகம் நாம்; கோறணமேந்து என்றால் அரசாங்கம். அந்த வாசல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தாலும், பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாக மாற்றிய தரப்படுத்தலாலும் ஒடுங்கியபோது, எந்த நாட்டுக்கும் எடுத்துச் செல்லக்கூடிய பட்டத்தைத் தேடத் தொடங்கினோம். 1983 யூலை வன்முறையில் இதே வெள்ளவத்தையில் வீட்டையும் கடையையும் இழந்த குடும்பங்களுக்கு, கையில் மிஞ்சிய சான்றிதழ் என்ன என்பது வெறும் கௌரவப் பிரச்சினையாக இருக்கவில்லை. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்ற நம் குறுகிய பட்டியலுக்குப் பின்னால் அந்த அச்சம் நிற்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் எடுத்துச் செல்லக்கூடியது எது என்ற கணக்கை நாம் மீண்டும் போட்டுப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

மொழிபெயர்ப்பாளர் அட்டையைப் பாருங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆனாலும் அலுவலகத்திலிருந்து தமிழில் வரும் கடிதத்தைப் படித்துவிட்டு, சிங்களப் பிரதியைத் தேடிப் பொருள் அறிந்துகொள்ளும் நிலை நம்மில் எத்தனை பேருக்கு நேர்ந்திருக்கிறது? வீட்டில் தமிழும் தெருவில் சிங்களமும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் கொழும்புப் பிள்ளையின் கையில் அந்தத் தொழிலுக்கான முதல் பாதி ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் வகுப்பில் எல்லாக் குழுக்களும் முதலில் ஒதுக்கின.

லிஃப்ட் திருத்தும் தம்பியை அடுத்த வாரம் வகுப்புக்கே அழைத்து வந்தேன். லிஃப்ட் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மேலே உள்ள மோட்டார் அல்ல, கதவுதான் என்று அவர் தொடங்கினார். ஒரு மாடிக் கதவின் பூட்டு சரியாகப் பொருந்தாவிட்டால் பாதுகாப்பு மின்சுற்று முழுமையடையாது. சுற்று முழுமையடையாவிட்டால் லிஃப்ட் அசையாது. அப்படி அசையாமல் நிற்பதுதான் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிறது என்று கரும்பலகையில் கீறிக் காட்டினார். விஞ்ஞானப் பாடத்தில் வரும் தொடர் சுற்று அது. பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவர் பாடசாலையை இடையில் விட்டவர். வேலையிலேயே பழகி, பின்னர் முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டின் வழியாகத் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழைப் பெற்றவர். அந்தத் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது; ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டம். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது இந்த ஏணியின் மேற்படிக்காகத்தான். தொழிற்பயிற்சி என்றால் முட்டுச்சந்து என்று நினைக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது, பலர் முதன்முறையாகக் கேட்பதைப் போலப் பார்க்கிறார்கள்.

என் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்த ஒரு மாணவிக்குச் சற்றும் யோசிக்காமல் கணிதப் பிரிவைக் கைகாட்டினேன். பெறுபேற்றைப் பார்த்தேனே தவிர, பிள்ளையைப் பார்க்கவில்லை. மூன்று முறை பரீட்சை எழுதிக் களைத்த பிறகு, உறவினர் ஒருவரின் அச்சகத்தில் தற்செயலாக உதவிக்கு நின்றவள், இன்று பக்க வடிவமைப்பில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாள். ஜோன் கிரம்போல்ட்ஸ் என்ற அறிஞர் இத்தகைய தற்செயல்களையே தம் ஆய்வின் மையமாக்கினார். தாம் உளவியல் படிக்க நேர்ந்ததே, தம்முடைய டெனிஸ் பயிற்றுநர் உளவியல் பேராசிரியராக இருந்ததால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தற்செயலை வரவழைக்க முடியாது. அது வந்து நிற்கக்கூடிய இடங்களைப் பெருக்க முடியும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாசலருகே உள்ள மேசையில் வெற்று அட்டைகள் வைத்திருக்கிறோம். உங்கள் தொழிலின் பெயரை மேலே எழுதி, நேற்றுக் காலை பத்து மணியிலிருந்து பதினொரு மணிவரை நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதைக் கீழே நான்கு வரியில் எழுதித் தாருங்கள். பதவியும் சம்பளமும் வேண்டாம். வீட்டு வேலையில் இருப்பவர்களும் எழுதலாம். செட்டியார் தெருவில் பொற்பட்டறை வைத்திருக்கும் ஐயா ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார், அவருடைய அட்டையை நான் விசேடமாக எதிர்பார்க்கிறேன். அடுத்த தவணையில் பிள்ளைகளிடம் கொடுக்கப்போவது அந்தக் கட்டைத்தான். தமிழிலேயே எழுதுங்கள், கையெழுத்து சற்றுத் தெளிவாக இருந்தால் போதும்.