தாவீது செஞ்சதெல்லாம் சட்டமா நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பலதார மணத்தை பைபிள் ஏத்துக்குதுன்னு எதிரணி அடிச்சுப் பேசிட்டு உக்காந்துட்டாங்க, ஆபிரகாம், யாக்கோபு, தாவீது, சாலொமோன்னு பெரிய பட்டியல் வேற. பட்டியல் சரிதான், நான் மறுக்கவே இல்ல. சாலொமோனுக்கு 700 மனைவி, 300 மறுமனையாட்டி, அதாவது முழு மனைவி உரிமை இல்லாத துணைவி. ஆனா அந்தப் பெண்கள் அவர் மனசைத் திருப்பிட்டாங்கன்னு அதே வசனம் முடியுதே, அதை ஏன் வாசிக்கல? ராஜா நிறைய பெண்களைக் கட்டக்கூடாதுன்னு உபாகமம் 17ல முன்னாடியே சொல்லியாச்சு.

சரி, யாக்கோபு வீட்டுக்கு வருவோம். ஆதியாகமம் 30. கோதுமை அறுப்பு நேரம், ரூபன் வயல்ல தூதாயீம் பழம், அதாவது பிள்ளை வரம் தரும்னு அந்தக் காலத்துல நம்பின பழம், பொறுக்கிட்டு வந்து அம்மா லேயாள்கிட்ட குடுக்கறான். எனக்கும் கொஞ்சம் குடுன்னு யாக்கோபோட இன்னொரு மனைவி ராகேல் கேக்கறா. நீ என் புருஷனை எடுத்துக்கிட்டது பத்தாதா, என் பையன் கொண்டாந்த பழமும் வேணுமாங்கறா லேயாள். சரி பழத்துக்குப் பதிலா இன்னைக்கு ராத்திரி அவர் உன்கூட இருக்கட்டும்னு ராகேல் பேரம் முடிக்கறா. சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்ற மனுஷனை லேயாள் வழியிலயே மறிச்சு, உங்களைப் பழம் குடுத்து வாங்கியிருக்கேன், வாங்கன்னு கூட்டிட்டுப் போறா. பெரியவர் வாயே திறக்கல பாருங்க! சொந்த அக்கா தங்கச்சி நடுவர் அவர்களே, இதை எழுதினவர் அந்தக் குடும்பத்தை மெச்சியா எழுதியிருக்காரு? மனைவி உயிரோட இருக்கும்போதே அவ சகோதரியைக் கட்டக்கூடாதுன்னு பின்னாடி லேவியராகமம் 18ல தடையே வந்துச்சு.

நிறைய மனைவி கட்டின இஸ்ரவேல் தலைவர் கிதியோன் வீட்டுக்கதை இன்னும் மோசம், 70 பிள்ளைங்க, மறுமனையாட்டி மகன் அபிமெலேக்கு அண்ணன் தம்பிகளை ஒரே கல்லுமேல வெச்சு வெட்டிட்டான், தப்பிச்சது கடைக்குட்டி யோதாம் மட்டும்.

எதிரணியோட பெரிய ஆயுதம் 2 சாமுவேல் 12. உன் எஜமான் சவுலோட மனைவிகளை உனக்குக் குடுத்தேன்னு கடவுளே தீர்க்கதரிசி நாத்தான் மூலமா தாவீதுகிட்ட சொல்றாரே, அப்ப அவரே குடுத்ததுதானேன்னு கேட்டாங்க. நல்ல கேள்விதான், ஆனா ரெண்டு மூணு வசனம் தள்ளி அதே வாய் என்ன சொல்லுது? உன் மனைவிகளை எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுப்பேன், பகல் வெளிச்சத்துல நடக்கும்னு. அப்படியே நடந்துச்சு, தாவீதோட மகன் அப்சலோம் மொட்டை மாடில கூடாரம் போட்டு அப்பாவோட மறுமனையாட்டிகள்கிட்ட போனான். குடுத்தேன்னு சொன்னாலே சம்மதம்னா அப்சலோம் செஞ்சதுக்கும் சம்மதமா? எதிரணி பதில் சொல்லணும்.

பலதார மணம் பாவம்னு நேரடியா ஒரு வசனம் காட்டுன்னு கேப்பாங்க. அப்படி ஒரு வரி இல்ல, ஒத்துக்கறேன். ஆனா விவாகரத்து பத்தி பரிசேயர் கேட்டப்ப இயேசு ஆபிரகாமையோ தாவீதையோ உதாரணம் காட்டல, நேரா ஏதேனுக்குப் போனாரு, அங்க இருந்தது ஒரு ஆணும் ஒரு பெண்ணும். சபைக் கண்காணிக்கு, அதாவது சபைத் தலைவருக்கு, ஒரே மனைவின்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதறாரு. 1563ல கத்தோலிக்கத் திருச்சபையோட திரெந்து பொதுச்சங்கமும் கிறிஸ்தவனுக்குப் பல மனைவி கூடாதுன்னு அடிச்சுச் சொல்லிடுச்சு.

யாத்திராகமம் 21:10 மட்டும் பாக்கி. இன்னொருத்தியைக் கட்டினா முதல் மனைவிக்கு சோறு, துணி, தாம்பத்திய உரிமை எதையும் குறைக்காதேங்குது. அப்ப கட்டலாம்னுதானே அர்த்தம்னு கேக்கறாங்க. இல்லங்க, அது ஏற்கனவே மாட்டிக்கிட்ட பெண்ணைக் காப்பாத்தற சட்டம். ஆங்கிலிக்கன் சபை பிஷப்புகளோட லாம்பெத் மாநாடு 1888ல பல மனைவி உள்ள ஆணுக்கு ஞானஸ்நானம் கிடையாதுன்னுச்சு. அப்படி மதம் மாறணும்னா மனைவிகளை விலக்கணும், பாவம் அந்தப் பெண்கள் எங்க போவாங்க? 1988ல மாத்தினாங்க, இருக்கற மனைவிகளைத் துரத்த வேண்டாம், ஆனா அவங்கள்ல ஒருத்தர் உயிரோட இருக்கற வரை இன்னொரு கல்யாணம் பண்ண மாட்டேன்னு வாக்கு குடுத்தா ஞானஸ்நானம் உண்டுன்னு. யாத்திராகமத்துல இருக்கறதும் இதே அக்கறைதான். இதை அனுமதிச் சீட்டுன்னு வாசிக்கறவங்க, லேயாள் பக்கம் ஒரு தடவையாவது நின்னு வாசிச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு உக்காந்துக்கறேன், மணி அடிச்சாச்சு. நன்றி.