கிரேட்ஃபுல் டெட்: பொற்காலம் எது, சரிவு எது?

[திரை: பழைய கேசட் ஒன்றின் அட்டை. பேனாவால் எழுதியிருப்பது ஒரு தேதி மட்டும்: 5/8/77.]

இந்தக் கேசட்டின் மேல் குழுவின் பெயர் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பதால் இது 1977 மே 8. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்களுக்கு, அதாவது டெட்ஹெட்களுக்கு, இந்த மூன்று எண்களே போதும். எந்த ஊர், எந்த அரங்கம், இரண்டாம் பாதியை எந்தப் பாட்டில் எடுத்தார்கள் என்று மடமடவென்று சொல்லிவிடுவார்கள். உடனே பக்கத்தில் இருப்பவர், "அதெல்லாம் சரி, 72-க்கு முன்னால் இது நிற்குமா?" என்பார். அப்புறம் விடிய விடியப் பேச்சுதான்.

முப்பது வருஷம் மேடையில் இருந்த இந்தக் குழுவுக்கு நல்ல காலம் எது, மோசமான காலம் எது? ரசிகர்கள் இன்று வரை இதில் ஒத்துப்போகவில்லை. நானும் ஒரு கட்சிதான். அதை மறைக்காமலே சொல்கிறேன்.

[திரை: 1960-களின் சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்கள்.]

குழுவைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1965-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கினார்கள். ஜெர்ரி கார்சியா லீட் கிட்டார். பாப் வியர் இன்னொரு கிட்டார். ஃபில் லெஷ் பேஸ், அதாவது கீழ்ச்சுர கிட்டார்; பில் க்ரூட்ஸ்மன் டிரம்ஸ். ஆர்கனும் ஹார்மோனிகாவும் வாசித்துக்கொண்டு ப்ளூஸ் பாடியவர் ரான் மெக்கெர்னன், எல்லாரும் கூப்பிட்ட பெயர் பிக்பென். 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள் செய்தார்கள். முந்தின நாள் பாட்டு வரிசை மறுநாள் இருக்காது. ஒரே பாட்டு ஒரு ஊரில் பத்து நிமிஷம் ஓடும், இன்னொரு ஊரில் அரை மணி நேரம் போகும்.

இதைத்தான் ஜாம் என்கிறார்கள். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இது அந்நியமே இல்லை. கீர்த்தனை ஒன்றுதான், நிரவலும் ஸ்வரமும் அன்றைக்கு அன்றைக்குப் பிறப்பவை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பக்கவாத்தியம் என்று தனியாக யாரும் கிடையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் மனோதர்மம் செய்கிறார்கள். ஃபில் லெஷின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அவர் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பதில்லை. கார்சியா ஒரு பக்கம் போனால் இவர் அடியில் இன்னொரு மெட்டைக் கட்டிக்கொண்டு வருகிறார். அதனால்தான் ஒரே ஒரு ஆள் மாறினாலும் மொத்தக் குழுவும் வேறு குழுவாகிவிடுகிறது. ரசிகர்கள் காலங்களைப் பிரிப்பதும் இதை வைத்துத்தான்: கீபோர்டில் யார், டிரம்ஸில் ஒருவரா இருவரா.

[திரை: 1969. இரண்டு டிரம் செட்கள் அருகருகே.]

இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட் 1967-ல் வந்து சேர்ந்தார். அதே வருஷம் அவர் தபலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்துப் பாடம் கேட்டார். நம் ஊர்த் தாளக் கணக்கு ஒரு ராக் குழுவுக்குள் நுழைந்த வழி அது. பதினொன்று என்பதையே பெயராகக் கொண்ட ஒரு பாட்டு அவர்களிடம் உண்டு. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று கையில் போட்டுக்கொண்டே கேட்கலாம். இதன் தொடர்ச்சி நமக்கும் நெருக்கமானது. அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனோடு ஹார்ட்டுக்கு ஆயுள் முழுக்க நீண்ட நட்பு அமைந்தது. 1991-ல் ஹார்ட் கொண்டுவந்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் நம் விக்கு விநாயக்ராமின் கடம் இருக்கிறது. உலக இசை ஆல்பத்துக்கு என்று கிராமி விருது தொடங்கியபோது அதை முதலில் வாங்கியது அந்த ஆல்பம்தான்.

சரி, 1969-க்கு வருவோம். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. 1969 பிப்ரவரி 27 அன்று ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதே பாட்டு இருபது நிமிஷத்துக்கும் மேலே போனது. அந்தப் பதிவு 'லைவ்/டெட்' ஆல்பத்தில் இருக்கிறது. மூத்த ரசிகர்கள் பலருக்கு இதுதான் சிகரம். முரட்டுத்தனமான, எங்கே போகிறோம் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத இசை.

ஆனால் அதே 1969 ஆகஸ்டில்தான் வுட்ஸ்டாக் என்ற பிரம்மாண்டமான திறந்தவெளி இசை விழா. மழை, ஈரம், மைக்கிலும் கிட்டாரிலும் ஷாக் அடிக்கிறது. மிக மோசமாக வாசித்தோம் என்று பின்னால் அவர்களே ஒப்புக்கொண்ட கச்சேரி அது. வருஷத்தை மொத்தமாகத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கு நான் முதலில் நினைவுபடுத்துவது இதைத்தான். சிகரமும் பள்ளமும் ஆறு மாத இடைவெளியில், அதே ஆட்களிடமிருந்து வந்தன.

[திரை: 1972, வெயில். ஓரிகன் மாநிலத்து வயல்வெளி.]

1971 தொடக்கத்தில் மிக்கி ஹார்ட் விலகினார். காரணம் இசை இல்லை. குழுவின் மேனேஜராக இருந்த அவருடைய அப்பா பணத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார். மகனால் அந்த அவமானத்தோடு மேடை ஏற முடியவில்லை. பெரிய இழப்புதான். ஆனால் அதிலிருந்து பிறந்த காலம் என் காதுக்கு மிகச் சிறந்தது. க்ரூட்ஸ்மன் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் மொத்தக் குழுவும் இலகுவாகிறது. இரண்டு டிரம்மர்கள் இருந்தால் ஒரு லாரியைத் திருப்புவது போல, முன்கூட்டியே திட்டம் வேண்டும். ஒருவர் என்றால் சைக்கிள். கார்சியா நினைத்த மாத்திரத்தில் வளைக்கலாம். அதே 1971 இறுதியில் கீத் காட்ஷா பியானோவுக்கு வந்தார், சில மாதங்களில் அவர் மனைவி டோனா ஜீன் பாட வந்தார். 1972 வசந்தத்தில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள். பிக்பென் கலந்துகொண்ட கடைசிப் பெரிய பயணம் அது. மறுவருஷம் மார்ச்சில் அவர் இறந்தபோது வயது 27.

நான் திரும்பத் திரும்பப் போகும் நாள் 1972 ஆகஸ்ட் 27. ஓரிகனில் வெனிட்டா என்ற ஊர். கடனில் இருந்த ஒரு பால்பொருள் நிறுவனத்துக்காக நடந்த கச்சேரி. நூறு ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயிலில் கிட்டார் கம்பிகள் சுருதி நிற்காமல் தவிக்கின்றன. அது பதிவிலேயே கேட்கும். அப்புறம் சாயங்காலம் 'டார்க் ஸ்டார்' தொடங்குகிறது. அரை மணி நேரம். முதலில் மெட்டு தெரிகிறது, பிறகு தேய்கிறது, ஒரு கட்டத்தில் பேஸும் டிரம்ஸும் மட்டும் பேசிக்கொள்கின்றன, பிறகு கார்சியாவின் கிட்டார் கிட்டத்தட்ட அலறுகிறது. இதற்கு மேல் எங்கே போக முடியும் என்று நாம் நினைக்கும் இடத்தில் அந்த இரைச்சல் மெல்ல ஒதுங்குகிறது. உள்ளேயிருந்து ஒரு பழைய கௌபாய் பாட்டு நடந்து வருகிறது. நிறுத்தவும் இல்லை, அறிவிக்கவும் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஒரு திருப்பத்துக்காகவே 1972-ஐ நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

[திரை: மேடைக்குப் பின்னால் கட்டடம் போல எழும் ஸ்பீக்கர் சுவர்.]

1974 இதே காலத்தின் உச்சம், முடிவும் அதுதான். ஒலிப்பதிவாளர் ஔஸ்லி ஸ்டான்லி முன்னின்று உருவாக்கிய 'வால் ஆஃப் சவுண்ட்' அப்போதுதான் முழுதாக எழுந்தது. சுமார் 600 ஸ்பீக்கர்கள், 75 டன் எடை. எல்லா ஸ்பீக்கரும் குழுவின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் ரசிகர்கள் கேட்பதையே அவர்களும் கேட்டார்கள். ஸ்பீக்கர் பின்னால் இருந்தால் மைக் கிறீச்சிடுமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பாடகருக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மைக். ஒன்றில்தான் பாடுவார்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். ஒன்றின் சிக்னலைத் தலைகீழாக்கிக் கூட்டினால் பொதுவான சத்தம் கழிந்துபோய், குரல் மட்டும் மிஞ்சும். எத்தனை அழகான யோசனை! ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் செலவு குழுவையே விழுங்கியது. அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவு வாசித்துவிட்டு, சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டார்கள். கடைசி இரவில் மிக்கி ஹார்ட் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

[திரை: மீண்டும் அந்தக் கேசட்.]

இப்போது 77. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால், வெளியே மே மாதத்தில் பனி பெய்துகொண்டிருக்கிறது. மறுபடியும் இரண்டு டிரம்மர்கள். வாசிப்பு கச்சிதமாக இருக்கிறது, ஒரு பிசிறு இல்லை. கடைசியில் வரும் 'மார்னிங் டியூ' பாட்டில் கார்சியா கிட்டாரை முணுமுணுப்பில் தொடங்கி, கம்பிகளை வேகமாக உரசி உரசி ஏற்றிக்கொண்டே போகும் அந்த இரண்டு மூன்று நிமிஷங்கள் யாரையும் உலுக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-க்கான பதிவுகளில் இதைச் சேர்த்தது.

ஆனால் மறுநாள் பஃபலோவில் வாசித்தது இதைவிட மேல் என்று சொல்பவர்கள் ஏராளம். அப்படியானால் கார்னெலுக்கு மட்டும் ஏன் இத்தனை பெயர்? டேப் காரணம். பெட்டி கேன்டர் என்ற ஒலிப்பதிவாளர் மேடையின் மிக்ஸரிலிருந்தே நேரடியாக எடுத்த பதிவு அது. அவர் பதிவுகள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தன. வாடகை பாக்கியானதால் 1986-ல் கிடங்கில் இருந்தவை ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்களிடமிருந்து பிரதிகள் ரசிகர்கள் கைக்குப் பரவின. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும் காலம் அது. கூட்டத்தின் நடுவே மைக் நீட்டிப் பதிவு செய்த டேப்புகளையே கேட்டுப் பழகியவர்களுக்கு, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும் ஒரு டேப் கிடைத்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தப் பிரமிப்பு அந்தத் தேதியின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. நல்ல காலம் பற்றிய வாக்குவாதத்தில் பாதி, நல்ல டேப் பற்றியது என்று நான் நம்புகிறேன். பதிவே சரியாகக் கிடைக்காத இரவுகளில் என்னென்ன போனதோ!

ஒரு சோதனை செய்து பாருங்கள். 'ஐஸ் ஆஃப் த வேர்ல்ட்' என்று ஒரு பாட்டு, 1973-ல் அறிமுகமானது. 74 பதிவில் அது ஆற அமர நடக்கும், முடிவில் ஏழு எண்ணிக்கைக்கு மாறும் ஒரு கணக்கு வரும். 77-ல் அந்த வால் பகுதி இல்லை, வேகம் கூடியிருக்கும். சைக்கிளும் லாரியும் என்று சொன்னேனே, அது இங்கே காதாலேயே தெரியும். அதற்கப்புறம் 1990 மார்ச் 29, நாசோ கொலிசியம் பதிவைப் போடுங்கள். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் விருந்தாளியாக வந்து முதல் பாதியில் ஒரு பாட்டுக்கு வாசித்தார். விடவில்லை, இரண்டாம் பாதிக்கும் கூப்பிட்டுக்கொண்டார்கள். கார்சியா ஒரு வரியைச் சொல்ல, சாக்ஸஃபோன் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க, வயதான ஒரு குழு கண்முன்னே இளமையாகிறது. ஆர்கனில் பிரெண்ட் மிட்லாண்ட். 1979-லிருந்து அந்த இருக்கையில் இருந்தவர். எண்பதுகள் என்றாலே சரிவு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு பாட்டையாவது கேட்க வேண்டும். அந்த ஜூலையிலேயே பிரெண்ட் இறந்துபோனார்.

[திரை: வெறுமையான ஸ்டேடியம் பார்க்கிங்.]

மோசமான காலம் எது என்பதில் வாக்குவாதம் குறைவு. 1984, 85-ல் கார்சியா போதைக்கு அடிமையாகித் தளர்ந்திருந்தார். 1986-ல் நீரிழிவு முற்றிக் கோமாவில் விழுந்து, எழுந்தபின் கிட்டாரையே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டிசம்பரில் மேடைக்குத் திரும்பினார். மறுவருஷம் முதல் முறையாக ஒரு பாட்டு அமெரிக்க டாப் 10-க்குள் போனது. அந்த வெற்றியே வினையானது. டிக்கெட் இல்லாமலே பார்க்கிங்கில் கூடும் கூட்டம் பெருகியது. 1995 ஜூலையில் இண்டியானாவில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலியை உடைத்து உள்ளே புகுந்ததால் மறுநாள் கச்சேரியையே ரத்து செய்தார்கள். கார்சியாவுக்கு வரிகள் மறந்துபோயின, விரல்கள் இடறின. ஆயிரக்கணக்கான இரவுகள் அத்தனை கவனமாக வாசித்த மனிதர் அப்படித் தடுமாறுவதைக் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. 1995-ஐ நான் மோசமான வருஷம் என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் ஜூலை 9, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் பதிவை என்னால் ஒதுக்க முடியவில்லை. 'சோ மெனி ரோட்ஸ்' என்ற பாட்டு. முக்கால்வாசி தடுமாற்றம்தான். கடைசியில் கார்சியா அந்தத் தலைப்பு வரியைத் திரும்பப் பாடுகிறார். மறுபடி பாடுகிறார். உடைந்த குரலை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி, இன்னொரு முறை. பின்னால் குழு அவரோடு ஏறிக்கொண்டே போகிறது. கச்சேரியின் கடைசிப் பாட்டை ஃபில் லெஷ் பாடினார். மரணப் படுக்கையில் இருந்த தன் அப்பாவுக்காக 1970-ல் அவர் மெட்டமைத்த பாட்டு அது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, கார்சியா இறந்தார். வயது 53.

[இசை: அந்தப் பாட்டின் தொடக்கம், மெல்லக் குறைகிறது.]