வலிக்காத கட்டி

(சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரப் பெண்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான்.

வேலை பார்த்த காலம் முழுக்க, மார்பில் கட்டியோடு வந்த பெண்களிடம் நான் கேட்ட பேச்சு ஒன்று உண்டு: “வலியே இல்லைங்க சிஸ்டர், அதான் விட்டுட்டேன்.” என் சின்னம்மாவும் இதையேதான் சொன்னார். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. மஞ்சள் பற்றுப் போட்டார். மகள் கல்யாணம் முடியட்டும் என்று ஒரு வருஷம் தள்ளினார். நான் ஊருக்கு வந்திருந்த அன்று முதுகு தேய்த்துவிடக் கூப்பிட்டார். அப்போதுதான் அக்குளில் நெறி கட்டியிருப்பது என் கையில் தட்டுப்பட்டது. வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருந்தும் அவருக்கு வாய் திறந்து சொல்ல வெட்கம். அவர் பிழைக்கவில்லை. அந்த வெட்கத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்திருந்தால் சின்னம்மா அன்றைக்கே ஓடியிருப்பார். அதற்காக, கட்டி என்றாலே புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். முக்கால்வாசி சாதாரணக் கட்டிதான். எது எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். ஊசி குத்திப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே, அது வெறும் வதந்தி.

பாவில் ஒரு இழை அறுந்தால் கண்ணுக்கு முன்னால் உங்கள் விரல் கண்டுபிடித்துவிடும். அந்த விரல் போதும். மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து, குளிக்கும்போது, மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் மெதுவாக வட்டமாகத் தடவிப் பாருங்கள். கழுத்தெலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை, அப்புறம் அக்குள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதம் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி முன் நில்லுங்கள். ஏற்காட்டு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கிறதா? காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா? ரத்தம் கசிகிறதா? ஒன்று இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

வராமல் தடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். முழுக்க முடியாது. இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெண் என்பதையும் வயதையும் தவிர வேறு தனிக் காரணம் தெரிவதில்லை. ஆகவே, “நான் என்ன தப்புப் பண்ணினேன்” என்று யாரும் அழ வேண்டாம். ஆனால் அபாயத்தைக் குறைக்கலாம். தாய்ப்பால் கொடுங்கள். 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியான கணக்குப்படி, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எடை ஏறாமல் பாருங்கள், ஏனென்றால் இந்த நோயைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அந்த வயதில் கொழுப்பிலிருந்துதான் அதிகம் ஊறுகிறது. நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வாரம் 150 நிமிஷ நடை கட்டாயம் வேண்டும். தறியில் கால் மிதிப்பது நடைக்கு ஈடாகாது. மதுவும் அபாயத்தைக் கூட்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பின்னால் நிற்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெண் கட்டி என்று சொன்னால் “வலிக்குதா?” என்று கேட்காதீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்புங்கள். அபூர்வமாக இது ஆண்களுக்கும் வருகிற நோய்தான்.

சரி, பக்கத்து அறையில் திரை கட்டியிருக்கிறோம். உள்ளே இரண்டு பெண் டாக்டர்கள் மட்டும்தான், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. மாமியாரை வாசலில் உட்கார வைத்துவிட்டு மருமகள் மட்டும் போகாதீர்கள். வயது ஏற ஏறத்தான் அபாயமும் ஏறுகிறது. அவர் கையைப் பிடித்து முதலில் அவரை உள்ளே அனுப்புங்கள்.