நேப்பிள்ஸுக்குப் போக வேண்டிய பெண்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வியன்னாவில் கப்புச்சின் துறவிகளின் தேவாலயத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தாரைத் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அதில் எல்லாரையும் நிற்க வைப்பது ஒரு பெரிய இரட்டைப் பெட்டி. மூடியின் மேல் ஒரு கணவனும் மனைவியும் அப்போதுதான் கண் விழித்து எழுந்தவர்கள் போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரேசா, அவர் கணவர் பிரான்சிஸ் ஸ்டீபன்.

மனம் விரும்பி நடந்த கல்யாணம் அது. 1736இல் நடந்தது. அவரைக் கைப்பிடிக்க பிரான்சிஸ் தன் சொந்த மண்ணான லொரேனையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1765 ஆகஸ்டில், மகன் லியோபோல்டின் கல்யாணத்துக்காக இன்ஸ்புருக் போன இடத்தில் அவர் திடீரென்று இறந்துபோனார். ஊரில் அந்தக் கல்யாணத்துக்காக எழுப்பிய வளைவு இன்றும் நிற்கிறது. ஒரு பக்கம் மணவிழாச் சிற்பங்கள், மறுபக்கம் இழவுச் சிற்பங்கள். மரியா தெரேசா தன் ஜெபப் புத்தகத்தில் ஒரு கணக்கு எழுதி வைத்தார். தாங்கள் சேர்ந்து வாழ்ந்தது 29 ஆண்டு, 6 மாதம், 6 நாள். அது எத்தனை மாதம், எத்தனை வாரம், எத்தனை மணி நேரம் என்று வரிசையாக.

அப்படி மணிக்கணக்குப் பார்த்த ஒரு பெண், தான் பெற்ற மகள்களை எப்படிக் கட்டிக்கொடுத்தார்? என் மனதை அறுப்பது அந்தக் கேள்விதான்.

பிள்ளைகள் பதினாறு. அதில் பெண்கள் மட்டும் பதினொருவர். 1756இல் ஆஸ்திரியா தன் பழைய பகையாளியான பிரான்சோடு கைகோத்தது. வட ஜெர்மனியில் வளர்ந்துவந்த பிரஷ்யாவை அடக்க அந்த நட்பு அவசியமாக இருந்தது. பிரான்சின் அரச வம்சமான பூர்போன் வம்சம் அன்றைக்குப் பாரிஸ், மாட்ரிட், இத்தாலியில் நேப்பிள்ஸ், பார்மா என்று நான்கு இடங்களில் ஆண்டுகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் நாளைக்கே கிழியலாம், சம்பந்தம் அவ்வளவு லேசில் அறாது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அதனால் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள்.

நேப்பிள்ஸுக்கு நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஃபெர்டினாண்ட், 1751இல் பிறந்தவர், எட்டு வயதிலேயே ராஜா. முதலில் அவருக்குப் பேசி வைத்தது யொஹானாவை. 1762 டிசம்பரில் பெரியம்மை வந்து அந்தப் பெண் போய்விட்டது. வயது பன்னிரண்டு. சரி, அடுத்தவள் இருக்கிறாளே என்று யோசெஃபாவை நிச்சயம் செய்தார்கள். அரசியலுக்காக இந்தப் பெண்ணைப் பலி கொடுக்கிறேன் என்ற பொருளில் தாயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தெரியாமல் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

1767ஆம் ஆண்டு வியன்னாவில் அம்மை ஆட்டிப்படைத்தது. மூத்த மகன் யோசெப்பின் இரண்டாவது மனைவி அதில் இறந்தார். மரியா தெரேசாவுக்கே வந்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். யோசெஃபா பயணப்படும் முன், முன்னோரின் நிலவறைக்குப் போய் ஜெபிக்க வைத்தார்கள். சில நாளில் உடம்பில் முத்துப் போட்டது. அங்கே வைத்திருந்த அண்ணியின் சவப்பெட்டியிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று ஊர் பேசியது. அம்மை தொற்றி முத்தாக வெளியே வர பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும். அப்படிப் பார்த்தால் முன்பே தொற்றியிருக்க வேண்டும். அக்டோபர் 15இல் யோசெஃபா இறந்தாள். நேப்பிள்ஸுக்கு வண்டியேற வேண்டிய நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போனது அதே நிலவறைக்கு.

அப்போதும் சம்பந்தம் நிற்கவில்லை. பெண்தான் மாறியது. மீதி இருந்தவர்களில் அமாலியா மாப்பிள்ளையைவிட ஐந்து வயது மூத்தவள் என்று கழித்தார்கள். கரோலினா தேர்வானாள். 1768 ஏப்ரலில் வியன்னா அகஸ்டீனியர் தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வரவில்லை. அவருக்குப் பதிலாகப் பக்கத்தில் நின்றது கரோலினாவின் சொந்தத் தம்பி. பெண்ணுக்குப் பதினைந்து வயது. வண்டி கிளம்பும்போது குதித்து இறங்கி ஓடிவந்து தங்கை அன்டோனியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று சொல்வார்கள். ஒரே தாதியிடம் வளர்ந்த இருவரும் அப்புறம் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அந்த அன்டோனியாதான் இரண்டே ஆண்டில் பிரான்சுக்குப் போய் மரி அன்துவானெத் ஆனவள்.

வயது மூத்தவள் என்று கழிக்கப்பட்ட அமாலியாவுக்கு என்ன ஆயிற்று? அவள் ஸ்வைபுருக்கன் வம்சத்து இளவரசனை விரும்பினாள். தாய் விடவில்லை. 1769இல் பார்மாவின் ஃபெர்டினாண்டுக்குக் கட்டிவைத்தார்கள். அந்த மாப்பிள்ளையும் அவளைவிட ஐந்து வயது இளையவர்தான்! இதே வீட்டில் மரியா கிறிஸ்டினாவுக்கு மட்டும், விரும்பிய சாக்சனி ஆல்பர்ட்டையே கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவள் தாயின் செல்லம். மற்ற பெண்கள் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

கரோலினா அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. அவளது கல்யாண ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: ஆண் வாரிசு பிறந்தால் அரசவை ஆலோசனைக் குழுவில் ராணிக்கும் இடம். 1775இல் மகன் பிறந்தான். உள்ளே போனாள். ராஜாவுக்குப் பதில் நாட்டை நடத்திவந்த மந்திரி தனுச்சியைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினாள். ஃபெர்டினாண்டுக்கு வேட்டையும் மீன்பிடிப்பும் போதுமாக இருந்தது, ஆட்சி அவள் கையில். 1793இல் பிரெஞ்சுப் புரட்சியில், பாரிஸில் தங்கையின் தலை விழுந்த பிறகு பிரெஞ்சுக்காரர் என்றாலே அவளுக்கு ஆகாது. பிரெஞ்சுப் படைகளுக்கு அஞ்சி இரண்டு முறை நேப்பிள்ஸை விட்டுச் சிசிலிக்கு ஓடவும் வேண்டியிருந்தது.

ஆனாலும் தன் பெண்களை அவளும் தாய் செய்தது போலத்தான் கட்டிக்கொடுத்தாள். மூத்தவளை வியன்னாவில் சொந்த அண்ணன் மகனுக்குக் கொடுத்தாள். அவர்களுக்குப் பிறந்தவள் மரி லூயிஸ். 1810இல் அந்தப் பேத்தியைக் கொண்டுபோய் யாருக்குக் கொடுத்தார்கள்? நெப்போலியனுக்கு. பாட்டியை நேப்பிள்ஸிலிருந்து விரட்டிய அதே மனிதருக்கு.

1814இல் நெப்போலியன் வீழ்ந்து எல்பா தீவுக்குப் போனார். மரி லூயிஸ் வியன்னாவுக்கே திரும்பி வந்தாள். சிசிலியிலிருந்தும் ஒதுக்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்திருந்த கரோலினா, பேத்தியிடம் என்ன சொன்னாள் என்பதை நெப்போலியனின் செயலாளராக இருந்த மெனெவால் எழுதி வைத்திருக்கிறார். கல்யாணம் என்றால் ஆயுளுக்கும்தான். உன்னைப் போக விடவில்லை என்றால் படுக்கை விரிப்புகளை ஜன்னலில் கட்டி இறங்கி, வேஷம் போட்டுக்கொண்டாவது புருஷனிடம் போ. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அந்தச் செப்டம்பரில் கரோலினா இறந்தாள். மரி லூயிஸ் எல்பாவுக்குப் போகவில்லை. வியன்னா மாநாடு அவளுக்கென்று ஒரு சிறிய நாட்டை ஒதுக்கிக் கொடுத்தது. அது பார்மா.