எண் பிறந்த இடம்

வணக்கம் நேயர்களே. பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுத்துவர மாமாவை அனுப்புகிறீர்கள். போனவர் திரும்பி வருகிறார். “என்ன நம்பர் மாமா?” என்று கேட்டால், “அதெல்லாம் யார் பார்த்தது, பதிஞ்சாச்சு” என்கிறார். திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதில் நம் எண் எது? தெரியாது.

நான் தரவுத்தள வேலை பார்க்கிறவன். இந்த மாமாவை என் தொழிலிலும் சந்தித்திருக்கிறேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. கடையில் ஒரு சர்வர், ஜூரோங் கிடங்கில் இன்னொன்று. கடையில் எடுக்கும் ஆர்டர் நேரே கிடங்குத் தரவுத்தளத்தில் போய்ப் பதிவாகும். புதிய பதிவு ஒவ்வொன்றுக்கும் அந்தத் தரவுத்தளமே அடுத்த எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண் கடைக்குத் தெரிந்தால்தான், இந்த ஆர்டருக்கு ஐந்து மூட்டை பொன்னி, பத்து கிலோ உளுந்து என்று சாமான்களை அதன் கீழே சேர்க்க முடியும்.

இரண்டிலும் ஓடியது மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள். ஒன்றிலிருந்து இன்னொன்றில் பதிய உதவும் லிங்க்ட் சர்வர் என்ற வசதி வழியாக இணைத்திருந்தோம். கடைசியாகப் போட்ட எண்ணைக் கேட்க எஸ்கியூஎல் சர்வரில் ஸ்கோப் ஐடென்டிட்டி என்று ஒரு வசதி உண்டு. பதிவு முடிந்ததும் கேட்டோம். நல் என்று வந்தது, அதாவது ஒன்றுமில்லை. பதிவு என்னவோ ஜூரோங்கில் ஒழுங்காக விழுந்திருந்தது. காரணம் எளிது. நாம் கேட்டது கடை சர்வரிடம். எண் போட்டது கிடங்கு சர்வர். கடை சர்வர் தான் போட்ட எண்ணை மட்டும்தான் சொல்லும்.

வெறுமையாக வந்தவரை தொல்லை இல்லை, தப்பு பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் எங்களில் ஒருவர், யார் எப்போது ஆர்டர் எடுத்தார் என்ற குறிப்பையும் முதலில் கடை சர்வரிலேயே பதியும்படி நிரலை மாற்றினார். அவ்வளவுதான், எண் வர ஆரம்பித்துவிட்டது! எல்லோருக்கும் மகிழ்ச்சி. வந்தது அந்தக் குறிப்பின் எண் என்று யாரும் யோசிக்கவில்லை. அதே எண்ணில் கிடங்கில் ஒரு பழைய ஆர்டர் இருந்ததால் தரவுத்தளமும் வாய் திறக்கவில்லை. தீபாவளி வாரத்தில் ஈசூன் வாடிக்கையாளரின் முறுக்கு மாவு, என்றோ பட்டுவாடா ஆன வேறொருவர் ஆர்டரின் கீழ் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

கிடங்கில் இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்றார் ஒருவர். இரண்டு கல்லாவில் ஒரே நொடியில் ஆர்டர் எடுத்தால் ஒருவர் எண் இன்னொருவருக்குப் போய்விடும். பதிவு செய்யும் கட்டளையிலேயே அவுட்புட் என்று சேர்த்து எண்ணைத் திருப்பித் தரச் சொன்னால், தொலைவிலுள்ள அட்டவணைக்கு அதை எஸ்கியூஎல் சர்வர் ஏற்பதில்லை. பிழை என்று நேரடியாகச் சொல்லிவிடும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

தீர்வு, கிடங்கு சர்வரிலேயே ஒரு ஸ்டோர்ட் புரொசீஜர், அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்துவைக்கும் சிறு நிரல். விவரத்தை அதனிடம் கொடுத்தால் பதிவையும் போடும், எண்ணையும் அங்கேயே கேட்டு நம் கையில் தரும். அந்த நிரலைக் கடையிலிருந்து அழைக்க, லிங்க்ட் சர்வர் அமைப்பில் ஆர்பிசி அவுட் என்ற அனுமதியைத் திறந்துவைக்க வேண்டும். அதை மறந்துவிட்டு அரை நாள் தேடியது தனிக் கதை.

ஓராக்கிள் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளிலும் இதே பாடுதான். அதன் இணைப்பு வசதியான டேட்டாபேஸ் லிங்க் வழியாகப் பதியும்போது, அவுட்புட் போல எண்ணைத் திருப்பித் தரும் ரிட்டர்னிங் வேலை செய்யாது. ஆனால் தொலைவிலுள்ள சீக்வென்ஸ் என்ற எண் வழங்கியிடம் எண்ணை முன்கூட்டியே வாங்கி, அதோடு பதிவை அனுப்பலாம். சீட்டு முதலில், வரிசை பிறகு. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில், தொலைவிலுள்ள அட்டவணையை இங்கிருந்தே பயன்படுத்த வெளி அட்டவணை என்று ஒன்று உண்டு. அது ரிட்டர்னிங்கை ஏற்கும், ஆனால் வேறொரு குறும்பு செய்யும். அட்டவணையில் எண்ணுக்கான பத்தியை நாம் நிரப்பாவிட்டால் அதற்கு நல் என்பதையே அனுப்பிவைக்கும். எண் போடக் காத்திருக்கும் அந்தப் பக்கம், வெற்று எண் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடும். அதற்காகவே வெளி அட்டவணையில் அந்தப் பத்தியைச் சேர்க்காமல் விடுகிறவர்கள் உண்டு.

யாரிடமும் கேட்காமல் நாமே உருவாக்கும் யூயூஐடி என்ற 128 பிட் அடையாள எண்ணும் இருக்கிறது. 2024இல் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் ஏழாம் வகை, நேர வரிசையிலேயே அமைவது கூடுதல் வசதி. ஆனால் கடைக்காரர் ஃபோனில் அதன் முப்பத்திரண்டு எழுத்தை வாசிக்க மாட்டார்.

சரி, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் கிடங்கில் மின்சாரம் போய் வந்தது. மறுநாள் கணக்காளர் அழைத்தார். ஆர்டர் எண் திடீரென்று ஆயிரம் தாண்டிக் குதித்திருக்கிறதே, நடுவில் இருந்தவை எங்கே என்று கேட்டார். எஸ்கியூஎல் சர்வர் எண்களை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளும், திடீரென்று நின்றால் அவை வீணாகும் என்றேன். அவர் நம்பவில்லை. அந்த ஆயிரம் ஆர்டரையும் நான்தான் எங்கோ ஒளித்துவைத்திருக்கிறேன் என்று இன்றும் நினைக்கிறார்.